பல்கலைக்கழகக் கல்வியில் முக்காற்கூறு

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவந்ததும் பல்கலைக்கழகம் புகத் தகுதி பெற்றோரின் பெயர்கள் பதாகையில் எழுதப்பெற்றுக் கல்லூரி மதிலிலே தொங்கவிடப்படுகின்றன. பரிசளிப்பு விழாவில் அவர்கள் மேடைக்கு அழைக்கப்படுகின்றனர். ஆண்டு மலரில் அவர்தம் படங்கள் இடம்பெறுகின்றன. இவை யாவும் செய்யத்தக்கனவே. ஆயின், அம்மாணாக்கர் பல்கலைக்கழக வாயிலைக் கடந்து உட்சென்ற பின்னர் அவர்கட்கு யாது நேர்கின்றது என்பதை எம்மில் எத்துணைப் பேர் கேட்டறிகின்றோம்? மூன்று நான்கு ஆண்டுகள் கழிந்தபின் பட்டமளிப்பு விழாப் படம் ஒன்று வருமாயின் மகிழ்கின்றோம். வாராதாயின் அதுபற்றிப் பேசுவாரும் இல்லை. பள்ளியில் முதன்மையாக விளங்கியவன் முதலாம் ஆண்டுப் பரீட்சையிலேயே இரண்டு மூன்று பாடங்களிற் சித்தியெய்தாது, வீட்டாருக்குச் சொல்ல அஞ்சி, விடுதி அறையில் முகங்கவிழ்ந்திருக்கும் நிலை அருமையாக நிகழ்வதன்று. “அவன் உருப்போட்டுப் பாஸ் பண்ணியவன், உண்மையில் விளக்கமில்லை” என்று தீர்ப்புக் கூறுதல் எளிது. அத்தீர்ப்புப் பிழையானது என்பதே எம் கருத்து. அவனுக்கு விளக்கமும் உண்டு, உழைப்பும் உண்டு. பல்கலைக்கழகம் வேண்டுகின்ற கற்கும் முறை ஒன்று உண்டு; அதனை அவனுக்கு எவரும் கற்பித்திலர்.

நன்னூற் பொதுப்பாயிரத்தைப் பள்ளிப் பருவத்திற் பாடஞ்செய்த மூத்த பழைய மாணவர்கட்கு ஒரு கணக்கு நினைவிருக்கும். ஆசிரியர் உரைத்ததை ஒருவன் குறைவறக் கொண்டானாயினும் அவன் பெறுவது புலமையிற் காற்கூறே. உடன் பயில்வாரோடு பழகுவதால் இன்னொரு காற்கூறு வரும். தான் கற்றதைப் பிறர்க்குச் செவ்வனே விரித்துரைப்பதால் எஞ்சிய இரு காற்கூறும் நிரம்பும். 13ஆம் நூற்றாண்டிலே பவணந்தி முனிவர் வகுத்த இக்கணக்கு, ஆறுமுக நாவலரின் காண்டிகையுரை வழியாக எம்மவர் பலருக்கு அறிமுகமானது. பரீட்சைக்கு மனனஞ்செய்யும் சூத்திரமாகவே அதனைக் கொண்டோமன்றி, உண்மையான கணக்காகக் கொண்டவர் சிலரே.

இனி இக்காலத்துக் கணக்கொன்றைப் பார்ப்போம். எம் நாட்டின் உயர்கல்வித் தகைமைகளை வரையறுக்கும் சட்டகத்தின்படி, கிரெடிற் எனப்படும் மதிப்பலகு ஒன்று 50 மணித்தியாலக் கற்றலைக் குறிக்கும். மூன்று அலகு கொண்ட ஒரு பாடத்துக்கு 150 மணித்தியாலம் ஆகின்றது. விரிவுரையே முதன்மையான பாடங்களில், இவற்றுள் ஏறத்தாழ 45 மணித்தியாலமே மாணவன் விரிவுரையாளர் முன் அமர்ந்திருப்பது. எஞ்சிய 105 மணித்தியாலமும் அவன் தானே கற்பதற்கென விடப்பட்டவை. ஆசிரியர் பங்கு பத்தில் மூன்று. காற்கூற்றுக்குச் சற்று மேல். ஏறக்குறைய 800 ஆண்டு இடைவெளியில் எழுந்த இரு கணக்குகள் இவ்வளவு நெருங்கி வருதல் தற்செயலாகவே இருக்கலாம். எனினும், புதிதாகப் பல்கலைக்கழகம் புகும் மாணவனை வருத்துவது இந்த முக்காற்கூறே. அந்த 105 மணித்தியாலத்தில் யாது செய்ய வேண்டும் என்று நேர அட்டவணையில் எழுதப்பட்டிருப்பதில்லை. வெறுமையாகக் காணப்படும் கட்டங்களை அவன் ஓய்வு நேரமென்று எண்ணிக்கொள்கின்றான்.

அவ்வாறு எண்ணுவதற்கு அவனைக் குறைகூறல் ஆகாது. அவன் பயின்று வந்த வழி வேறு. காலையிற் பள்ளி, மாலையில் ரியூற்றரி, இரவில் அச்சிட்ட குறிப்புகள், வார இறுதியிற் கடந்தகால வினாத்தாள்கள் என அவனது ஒவ்வொரு மணித்தியாலத்தையும் பிறர் வகுத்துக் கொடுத்தனர். பௌதிகவியலிலோ இரசாயனவியலிலோ இரண்டு மணித்தியாலத்தில் 50 பல்தேர்வு வினாக்களுக்கு விடை தெரிவு செய்ய வேண்டியவனுக்கு அத்தகைய பயிற்சி வேண்டியதே. வெட்டுப்புள்ளியில் மிகச் சிறிய வித்தியாசத்தால் மருத்துவ பீடம் தவறிப்போகும் நாட்டிலே, அவ்வாறு பயிலாதே என்று எந்த ஆசிரியர் கூறுவார்? நாமும் கூறோம். ஆனால் அப்பயிற்சி பரீட்சை மண்டபத்தின் வாயிலோடு முடிவடைவது. பள்ளியில், “டொனமூர் அரசியற் சீர்திருத்தத்தின் சிறப்பியல்புகளைத் தருக” என்னும் வினாவுக்கு ஏழு குறிப்புகளை மனனஞ்செய்து எழுதியவன், பல்கலைக்கழகத்தில், “1931 இல் யாழ்ப்பாணத்தார் தேர்தலைப் பகிஷ்கரித்தமை அவர்களுக்கு இழப்பையே விளைத்தது என்னும் கூற்றை ஆராய்க” என்னும் வினாவை எதிர்நோக்குகின்றான். வாலிபர் காங்கிரஸ் வேண்டியது யாது, 1934 வரை குடாநாட்டுத் தொகுதிகள் அரசாங்க சபையில் வெற்றிடமாயிருந்ததன் பொருள் யாது, ஒருவர் இழப்பு என்பதை மற்றொருவர் கொள்கையுறுதி என்பது ஏன் என்றெல்லாம் அவன் சிந்தித்தல் வேண்டும். அதற்குத் தயார்செய்த குறிப்பு எந்தக் கடையிலும் விலைக்குக் கிடையாது.

மூத்த பழைய மாணவர் சிலர் இவ்விடத்தில் ஒரு தடை எழுப்புவர். “எம் காலத்தில் எமக்கு யார் இவற்றைச் சொல்லித் தந்தார்? நாம் படிக்கவில்லையா?” என்பர். அவர்கள் படித்தது மெய்யே. எனினும் அக்காலத்து நிலைமையையும் சேர்த்து நோக்குதல் நன்று. 1921 இல் கொழும்பிலே தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரியிலோ, 1942 இல் நிறுவப்பெற்ற இலங்கைப் பல்கலைக்கழகத்திலோ புகுந்தவர்கள் பள்ளியிலேயே ஆங்கில மொழியிற் பாடங்கற்றவர்கள். நூலகத்து நூலைக் கையிலெடுத்தால் மொழி அவர்களைத் தடுக்கவில்லை. 1952 இல் பேராதனைக்குச் சென்றோர் ஐவர் ஜெனிங்ஸ் விரும்பியமைத்த விடுதி வாழ்வைப் பெற்றனர். தொகை சிறிது, ஆசிரியர் மாணவரைப் பெயர் சொல்லி அழைத்தனர், சிறு வகுப்புகளிற் கட்டுரையை வாசித்துக் காட்டித் திருத்தம் பெற்றனர். கற்கும் முறை என்று எவரும் பெயரிட்டுக் கற்பிக்காவிடினும், சூழலே கற்பித்தது. 1960களிற் கலைப்பாடங்கள் தாய்மொழியிற் கற்பிக்கப்படலாயின; நாட்டுப்புறத்துப் பிள்ளைகட்கு வாயில் திறந்தது. 1974 இல் யாழ்ப்பாண வளாகம் தோன்றியதும் அவ்வாயில் எம் வீட்டுக்கு அண்மையில் வந்தது. இவை பெரும் பேறுகள். ஆனால் மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம் ஆகியவை ஆங்கிலத்திலேயே நின்றன, இன்றும் அவ்வாறே. தாய்மொழியில் உயர்தரம் வரை கற்ற பிள்ளை, அடுத்த படியில் வேறொரு மொழியில் நூற்றுக்கணக்கானோர் நிறைந்த மண்டபத்தில் அமர்கின்றான். “எம் காலத்தில்” என்னும் ஒப்புமை இங்கே பொருந்தாது.

மொழியைப் பற்றிச் சற்று விரிவாகவே கூறல் வேண்டும். ஆர்முடுகல் என்றால் யாதென்று அவன் நன்கறிவான். அக்ஸிலரேஷன் என்று விரிவுரையாளர் விரைந்து சொல்லிச் செல்லும்போது திகைக்கின்றான். பிரசாரணம், ஒளித்தொகுப்பு, ஆவர்த்தன அட்டவணை ஆகிய யாவும் அவனுக்குத் தெளிவானவை. ஒஸ்மோசிஸ், போட்டோசிந்தெசிஸ் என்னும் சொற்கள் அத்தெளிவைத் திரையிட்டு மறைக்கின்றன. தான் அறியாதவன் என்று அவன் எண்ணுகின்றான். அறிவு உள்ளது, அதன் பெயர் மட்டுமே மாறியுள்ளது. 19ஆம் நூற்றாண்டிலே மானிப்பாயில் வைத்தியர் கிறீன் தமிழிலேயே மேனாட்டு மருத்துவங் கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழிற் பெயர்த்தார். அரசகரும மொழித் திணைக்களம் பல துறைகளுக்குச் சொற்றொகுதிகள் வெளியிட்டது. அவ்வழியில் வந்த கலைச்சொற்களே எம் பள்ளி நூல்களில் வழங்குவன. அவற்றை மறந்துவிடுமாறு முதலாம் ஆண்டு மாணவனுக்குச் சிலர் கூறும் ஆலோசனை தவறானது. ஒரு சிறிய கொப்பியை இரண்டாகக் கோடிட்டு, இடப்புறம் தான் அறிந்த தமிழ்ச்சொல்லும் வலப்புறம் ஆங்கிலச் சொல்லும் எழுதிவரட்டும். நாளொன்றுக்குப் பத்துச் சொற்கள் போதும். 15 வாரங் கொண்ட ஓர் அரையாண்டில் ஆயிரஞ் சொற்கள் சேர்ந்துவிடும். ஒரு பாடத்தின் அடிப்படைச் சொற்கள் அதனினும் மிகக் குறைந்தவையே.

விரிவுரையைக் கேட்டுக் குறிப்பெடுத்தல் அடுத்த இடர். விரிவுரையாளர் வாயிலிருந்து விழும் ஒவ்வொரு சொல்லையும் எழுத முயல்வோன் மூன்றாவது வாக்கியத்திலேயே பின்தங்கிவிடுவான். அதன்பின் கேட்பதுமில்லை, எழுதுவதுமில்லை. இன்றோ பலர் எழுதுவதையே கைவிட்டுத் திரையில் தோன்றுவதைக் கைப்பேசியிற் படம் பிடிக்கின்றனர். அரையாண்டு முடிவில் அறுநூறு படங்கள் கைப்பேசியில் இருக்கும். அவற்றை ஒருமுறையேனும் திரும்பிப் பார்த்தவர் எத்தனை பேர்? ஐக்கிய அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகத்திற் கற்பித்த வோல்ற்றர் போக் என்பவர், மாணவர் கற்கும் முறை பற்றி 1962 இல் வெளியிட்ட நூலில் எளிய வழியொன்றை விளக்கினார். தாளின் இடப்புறத்தில் இரண்டரை அங்குல அகலம் விட்டு மேலிருந்து கீழாக ஒரு கோடு. அடியில் இரண்டு அங்குலம் விட்டுக் குறுக்கே ஒரு கோடு. வலப்புறத்துப் பெரும்பகுதியில் விரிவுரையின் சாரத்தைத் தன் சொல்லிற் சுருக்கி எழுதுதல் வேண்டும். அன்று மாலையே, மறதி மூடுமுன்னர், அக்குறிப்பு எவ்வினாவுக்கு விடையோ அவ்வினாவை இடப்புறத்தில் எழுத வேண்டும். அடியில், அப்பக்கத்தின் பொருளை இரண்டு மூன்று வாக்கியங்களில் அடக்குதல் வேண்டும். மெய்ப்பயன் தருவது இடப்புறத்து வினாவே. “தேர்ந்து புகவிடும் மென்சவ்வு இல்லையாயிற் பிரசாரணம் நிகழுமா?” என்று தானே எழுதிய வினா ஒன்று, பிறர் எழுதிய பத்துப் பக்கக் குறிப்பினும் மேலானது. பின்னர் வலப்புறத்தைக் கையால் மறைத்துக்கொண்டு விடை சொல்லிப் பார்க்கலாம். தமிழில் எழுதலாமா என்று கேட்பர். தாராளமாக எழுதலாம். முதல் அரையாண்டிற் பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாக எழுதுவதில் இழிவொன்றுமில்லை.

நூலை வாசித்தல் பற்றிச் சுருக்கமாகவே சொல்வோம். பள்ளியில் ஒரு பாடத்துக்கு ஒரு நூல்; முதற்பக்கம் தொடங்கி இறுதிப்பக்கம் வரை வாசிப்பது வழக்கம். பல்கலைக்கழகத்தில் ஒரு கட்டுரைக்கே நாலைந்து நூல்களைத் தேட நேரும். அவற்றை முதற்பக்கத்திலிருந்து தொடங்கியவன் முதலாவது நூலின் இரண்டாம் அத்தியாயத்தில் நின்றுவிடுவான். 1940களில் ஒஹாயோ அரசுப் பல்கலைக்கழகத்துப் பிரான்சிஸ் ரொபின்சன் வகுத்த முறையின்படி, முதலில் அத்தியாயத்தின் தலைப்புகளையும் முடிவுரையையும் மேலோட்டமாக நோக்கி, பின்னர் அத்தலைப்பை வினாவாக மாற்றி, அவ்வினாவுக்கு விடை தேடியே வாசித்து, நூலை மூடிச் சொல்லிப் பார்த்து, இறுதியில் முழுவதையும் மீள நோக்குதல் வேண்டும். நூலகத்துச் சுட்டியைப் பார்க்கப் பழகுதலும், ஒரு நூலின் ஈற்றிலுள்ள பொருளகராதியிலிருந்து வேண்டிய பக்கத்துக்கு நேரே செல்லப் பழகுதலும் ஒரு நாட் பயிற்சியில் வருபவை. அதனையும் எவராவது ஒரு நாள் உடன் நின்று காட்டல் வேண்டும்.

நினைவிருத்தல் என்னும் பகுதியிலேதான் எம் மாணவர் பெரிதும் ஏமாறுகின்றனர். ஜேர்மனியரான எபிங்கவுஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனனஞ்செய்து தம் மறதியை அளந்து 1885 இல் வெளியிட்டார். கற்றது ஒரு மணித்தியாலத்துக்குள்ளேயே பாதிக்கு மேல் நழுவிவிடுவதையும், அதன்பின் நழுவும் வேகம் தணிவதையும் அவர் கண்டார். பொருளுள்ள பாடம் அவ்வளவு விரைந்து மறக்காதாயினும், படித்தவுடனே தொடங்கும் மறதி யாவர்க்கும் பொதுவே. இதற்கு மருந்து திரும்பத் திரும்ப வாசித்தலே என்று நாமெல்லோரும் நம்பி வந்தோம். அந்நம்பிக்கையை 2006 இல் வாஷிங்ரன் பல்கலைக்கழகத்து ரோடிகர், கார்ப்பிக்கே என்னும் இருவர் சோதித்தனர். ஓர் உரைப்பகுதியை ஒரு குழுவினர் நான்கு வேளையும் வாசித்தனர். மற்றொரு குழுவினர் ஒரு வேளை வாசித்து, எஞ்சிய மூன்று வேளையும் உரைப்பகுதியைப் பாராமல் நினைவிலுள்ளதை வெற்றுத்தாளில் எழுதினர். முதற்குழுவினர் அப்பகுதியை ஏறத்தாழ 14 தடவை வாசித்து முடித்தனர். மற்றவர் வாசித்தது மூன்று தடவைக்குச் சற்று மேல். ஐந்து நிமிடத்தின் பின் கேட்டபோது வாசித்தவர்களே வென்றனர்; அவர்கள் நினைவுகூர்ந்தது நூற்றுக்கு 83, எழுதியவர்கள் நூற்றுக்கு 71. ஒரு வாரத்தின் பின் கேட்டபோது நிலைமை தலைகீழாயிற்று. வாசித்தவர்களிடம் எஞ்சியது நூற்றுக்கு 40. எழுதியவர்களிடம் நூற்றுக்கு 61.

இதிற் கவனிக்க வேண்டியது இன்னொன்றுண்டு. ஒரு வாரத்தின் பின் எவ்வளவு நினைவிலிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, மீள மீள வாசித்தவர்களே மிகுந்த நம்பிக்கையோடு இருந்தனர். வாசிக்க வாசிக்க வரிகள் பழகிய முகம்போலத் தோன்றும். பழக்கத்தை அறிவென்று மயங்குகின்றோம். பரீட்சைக்கு முதல்நாள் இரவு முழுவதும் விழித்து வாசித்தவன், “எல்லாம் படித்தேன், மண்டபத்தில் ஒன்றும் வரவில்லை” என்று கூறுவது பொய்யன்று. அவன் படித்தது உண்மை. எடுத்துரைக்கும் பயிற்சியை ஒருநாளேனும் செய்திலன் என்பதே குறை. நூலை மூடிவிட்டு வெற்றுத்தாளை எடுத்து எழுதத் தொடங்கும்போது மனம் தடுமாறும். ஒன்றும் தெரியாததுபோல் வெட்கமாக இருக்கும். அத்தடுமாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு எழுதுவதே கற்றல் என்பதை மாணவன் முதல் வாரத்திலேயே அறிந்துகொண்டால், 105 மணித்தியாலமும் பாழாகா. எம் முன்னோர் ஏட்டைக் கீழே வைத்துவிட்டு ஒப்புவித்ததும் இத்தகையதே. கருத்தறியாது ஒப்புவித்தலைக் கண்டிக்கப் புகுந்த எம் காலத்தார், ஒப்புவித்தலையே முற்றும் கைவிட்டது மிகை.

இனிப் பவணந்தியாரின் இரண்டாவது காற்கூற்றுக்கு வருவோம். உடன் பயில்வாரோடு கூடிப் படித்தல் எம் பல்கலைக்கழகங்களில் ஒருவகையில் ஏற்கெனவே உண்டு. குப்பி என்று பெயர். பரீட்சை நெருங்கியதும் மூத்த மாணவரோ வகுப்பில் வல்லவனோ மற்றவரைக் கூட்டி நள்ளிரவு வரை விளக்குவது அது. மின்சாரம் இல்லாத காலத்துக் குப்பி விளக்கின் பெயரால் அது வழங்கலாயிற்று என்பர். எத்தனையோ பேரைக் கரையேற்றிய வழக்கம் அது; அதனை நாம் குறைத்துக் கூறோம். எனினும் அங்கே புலமை பெருகுவது பெரும்பாலும் விளக்கிச் சொல்பவனுக்கே. கேட்டுக்கொண்டிருப்போருக்கு அது இன்னொரு விரிவுரை, அவ்வளவே. பிறர்க்கு உரைப்பதில் இரு காற்கூறு உண்டென்று நன்னூலார் கூறியதை மெய்யாகக் கொண்டால், வல்லவன் வாய்மூடியிருக்க, தளர்ந்தவனே எழுந்து கரும்பலகையில் விளக்குதல் வேண்டும். அவன் தடைப்படும் இடத்தில் மற்றவர் வினாவெழுப்ப வேண்டும். நான்கு பேர் போதும். ஆறு பேருக்கு மேற்போனால் அரட்டையாகிவிடும். தமிழிலேயே விளக்கலாம், ஆனால் முடிவில் அதனை ஆங்கிலத்தில் நாலு வரியாக எழுதிப் பார்த்துவிட்டு எழுந்திருக்க வேண்டும். பரீட்சைக்கு முதல் வாரத்திற் கூடுவதன்று. இரண்டாம் வாரம் தொடங்கி வாரந்தோறும் கூடுவதே பயன்தரும்.

ஒப்படை எழுதுதல் பற்றி ஒரு சொல். ஒரு நூலிலிருந்து கருத்தை எடுத்தால் எடுத்த இடத்தைக் கூறல் வேண்டும் என்பது பள்ளியில் எவரும் வற்புறுத்தாத ஒழுங்கு. ஆசிரியர் தந்த குறிப்பை அப்படியே திருப்பி எழுதியதற்குப் புள்ளி பெற்ற பிள்ளை, பல்கலைக்கழகத்திலும் அவ்வாறு செய்து களவு செய்தவன் என்று பெயரெடுக்கின்றான். அவன் திருட நினைத்தானல்லன்; ஆயினும் தண்டனை ஒன்றே. இக்காலத்தில் வினாவைக் கொடுத்தால் கட்டுரையை முழுதாக எழுதித்தரும் கணினிச் செய்ந்நிரல்களும் வந்துவிட்டன. விளங்காத பந்தியொன்றை எளிதாக்கிக் கேட்பதற்கும், தான் எழுதிய ஆங்கிலத்தைத் திருத்திப் பார்ப்பதற்கும் அவை உதவும்; அவை தரும் செய்தி பிழைபடுவதும் உண்டாதலின் நூலோடு ஒப்பிட்டே கொள்ளுதல் வேண்டும். ஆனால் கட்டுரையையே அவற்றிடம் ஒப்படைத்தவன், அவ்வெற்றுத்தாளின் முன் தடுமாறும் பயிற்சியை விற்றுவிட்டான். புள்ளி கிடைக்கலாம், பரீட்சை மண்டபத்தில் அவனோடு யார் வருவார்?

உதவி கேட்கும் வெட்கம் யாவற்றினும் கொடியது. பல்கலைக்கழகங்களில் மாணவர் ஆலோசகராக விரிவுரையாளர்கள் நியமிக்கப்பட்டுள்ளனர்; ஆங்கிலங் கற்பிக்கும் பிரிவுகள் உள்ளன; நூலகத்தாரும் புதியோருக்கு வழிகாட்டுகின்றனர். அவ்வாயில்களைத் தட்டுவோர் பெரும்பாலும் ஏற்கெனவே ஓரளவு தேறியவர்களே. உண்மையில் வேண்டியவன் வருவதில்லை. பள்ளியில் முதல்வனாயிருந்தவனுக்குத் தெரியாது என்று சொல்லும் பழக்கமே இல்லை. முதல் மாதங்களைப் பகிடிவதை விழுங்கிவிடுவதும் உண்டு. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதனைக் குற்றமாக்கியும், அது முற்றாக ஒழிந்திலது. உறக்கமிழந்து அஞ்சி நடுங்கும் பிள்ளைக்குக் கற்கும் முறை பற்றி எவ்வளவு உபதேசித்தும் பயனில்லை. பல்கலைக்கழகத்திலுள்ள எம் கல்லூரிப் பிள்ளைகள் தம்முள் மூத்தார் இளையாருக்கு அரணாக நிற்பார்களாயின், அதுவே முதல் உதவி.

பழைய மாணவர் சங்கம் செய்யத்தக்கது யாது? உயர்தரப் பரீட்சை முடிந்த நாளுக்கும் பல்கலைக்கழகம் புகும் நாளுக்கும் இடையிலே பல மாதங்கள், சிலவேளை ஓராண்டுக்கும் மேலாக, வெறுமையாகக் கழிகின்றன. அக்காலத்திற் பிள்ளைகள் கணினி வகுப்பென்றும் ஆங்கில வகுப்பென்றும் காசு கட்டி அலைகின்றனர், வசதியற்றோர் வீட்டிலிருக்கின்றனர். கல்லூரியின் மேடைக்கும் மைதானத்துக்கும் எம் சங்கத்தார் வாரி வழங்கியுள்ளனர். கடல் கடந்து வாழ்வோரின் கொடை பெரிது. இவ்வெறுமையான மாதங்களுக்கு வேண்டுவதோ மிகச் சிறிது. சனிக்கிழமை காலையில் கல்லூரி நூலகத்தைத் திறந்து வைப்பதும், ஒவ்வொரு பீடத்துக்கும் உரிய முதலாம் ஆண்டு ஆங்கில நூல்களில் இரண்டிரண்டு பிரதிகளும், விடுமுறையில் ஊருக்கு வரும் பல்கலைக்கழக மாணவரில் நால்வரும் இருந்தாற் போதும். ஓய்வு பெற்ற விரிவுரையாளர் ஒருவர் மாதமொருமுறை வந்தால் மிக நன்று. வெளிநாட்டிலுள்ள வைத்தியரோ பொறியியலாளரோ திரைவழியே ஒரு மணித்தியாலம் பேசுவதாயின், தம் வெற்றிக்கதையைத் தவிர்த்து, ஓர் அத்தியாயத்தைத் தாம் எவ்வாறு வாசிப்பார் என்பதை வாசித்தே காட்டுவாராக.

சனிக்கிழமைக் கூட்டத்தின் ஒழுங்கையும் கூறிவிடுகின்றோம். முதல் அரை மணித்தியாலம் ஆங்கில நூலில் ஆறு பக்கம் மௌனமாக வாசித்தல். அடுத்த கால் மணித்தியாலம் நூலை மூடி நினைவிலிருப்பதை எழுதுதல். அதன்பின் நூலைத் திறந்து விடுபட்டதை வேறு நிற மையினால் நிரப்புதல். எஞ்சிய நேரம் நான்கு நான்கு பேராகப் பிரிந்து ஒருவருக்கொருவர் விளக்குதல். முதலிற் பேசுபவன் தளர்ந்தவனாயிருத்தல். விண்ணப்பம் வேண்டியதில்லை, கட்டணம் இல்லை. பரீட்சை எழுதி முடித்த எப்பிள்ளையும், பெறுபேறு எவ்வாறாயினும், வரலாம். பெறுபேறு வருமுன்னரே தொடங்குவதால், பல்கலைக்கழகம் கிடையாது போகும் பிள்ளைக்கும் அது இழப்பாகாது. தொழில்நுட்பக் கல்லூரிக்கும் ஆசிரிய கலாசாலைக்கும் வெளிவாரிப் பட்டத்துக்கும் அதே முறைதான். வரும்போது ஒரு கொப்பியும் இரு நிறப் பேனையும் கொண்டுவந்து, கைப்பேசியை நூலகப் பொறுப்பாளரின் மேசையில் வைத்துவிட்டு அமர்ந்தாற் போதுமானது.